விதையிலிருந்து விதை வரை: வீட்டுத் தோட்டத்தில் ப்ரோக்கோலி

பிப்ரவரி மாதம் எங்கள் வேலியோரமாகப் போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று கேட்பார்கள்: "என்னங்க, கடுகு போட்டிருக்கீங்களா?" இடுப்பளவுக்கும், சில செடிகள் நெஞ்சளவுக்கும் வளர்ந்து, உச்சியெல்லாம் மஞ்சள் பூவாக நிற்கும். தேனீ இரைச்சல் வீட்டு வாசல் வரை கேட்கும். ப்ரோக்கோலி என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். அதில் தப்பும் இல்லை. கோத்தகிரிப் பக்கம் ப்ரோக்கோலி எல்லாருக்கும் தெரிந்த பயிர்தான், ஆனால் அதைப் பூக்க விட்டு யாரும் பார்த்ததில்லை. பூ விரிந்த ப்ரோக்கோலிக்கு மண்டியில் விலை கிடையாது.

நாம் சாப்பிடுவதே பூ மொட்டைத்தான். காலிஃபிளவரில் வெள்ளையாக இருப்பது மொட்டாகக்கூட உருவாகாத திசுக்களின் குவியல். ப்ரோக்கோலி தலையில் இருக்கும் ஒவ்வொரு பச்சை மணியும் முழுதாக உருவான மொட்டு. அறுக்காமல் விட்டால் சில வாரத்தில் பூக்கும், காய்க்கும், விதை தரும். முட்டைக்கோஸ் அப்படி இல்லை. அது பூக்க வேண்டுமானால் பல வாரம் கடுங்குளிர் வேண்டும், அதனால்தான் அதன் விதை உற்பத்தி இமாச்சலத்தின் குலு பள்ளத்தாக்குப் பக்கம் நடக்கிறது. ப்ரோக்கோலிக்கு அவ்வளவு குளிர் தேவையில்லை. விதை போட்டு ஏழு மாதத்தில் புது விதையைக் கையில் எடுத்துவிடலாம். இந்த ஏழு மாதத்தையும் நான் செய்கிற வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் விதைப் பொட்டலத்தைப் பாருங்கள்

கடையில் கிடைக்கும் ப்ரோக்கோலி விதையில் பெரும்பகுதி வீரிய ஒட்டு. பொட்டலத்தில் எஃப்-1 என்றோ ஹைப்ரிட் என்றோ போட்டிருக்கும். சாப்பிட மட்டும் வளர்ப்பதென்றால் அதில் ஒரு குறையும் இல்லை. தலை பெரிதாக வரும், எல்லாச் செடியும் ஒரே வாரத்தில் தயாராகும். விதை எடுக்கப் போனால்தான் மாட்டிக்கொள்வோம்.

நான் மாட்டிக்கொண்டேன். முதல் வருடம் கடையில் தளர்வாக எடை போட்டுக் கொடுத்த விதையை, "ஓ.பி.தாங்க, மறுபடி எடுக்கலாம்" என்ற வாய்ச்சொல்லை நம்பி வாங்கினேன். ஓ.பி. என்றால் ஒட்டு இல்லாத, இயல்பாக மகரந்தம் சேர்ந்து விதை தரும் ரகம். செடி அருமையாக வந்தது, பூவும் வந்தது. ஆனால் பூவுக்குள் மகரந்தப் பைகள் சூம்பிப்போய்க் கிடந்தன. விரலால் தொட்டால் மஞ்சள் பொடி ஒட்டவே இல்லை. பூ உதிர்ந்த பிறகு காம்பு காம்பாகக் குச்சிதான் நின்றது. காரணம் பிறகுதான் புரிந்தது. 1968-இல் ஒகுரா என்ற ஜப்பானிய ஆய்வாளர் முள்ளங்கியில் ஆண்மையற்ற ஒரு செடியைக் கண்டுபிடித்தார். அந்தக் குணத்தைக் கோஸ் குடும்பத்துக்குள் கொண்டுவந்து, ஒட்டு விதை தயாரிக்கப் பயன்படுத்துகிறார்கள். அந்தக் குணம் தாய்வழியாக மட்டுமே இறங்கும். பக்கத்தில் வேறு செடியின் மகரந்தம் கிடைத்து விதை பிடித்தாலும், அதன் பிள்ளைகளுக்கும் மகரந்தம் இருக்காது.

ஆகவே ரகத்தின் பெயர் அச்சிட்ட பொட்டலமாக வாங்குங்கள். இந்தியாவில் வெளியான ஓ.பி. ரகங்களில் பூசா கே.டி.எஸ்-1 குலுவில் உள்ள கட்ராய்ன் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது. பாலம் சம்ருத்தி பாலம்பூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பச்சை ரகம். அதே இடத்திலிருந்து ஊதா நிறத்தில் பாலம் விசித்ரா, மஞ்சள் கலந்த பச்சையில் பாலம் காஞ்சன் என்ற ரகங்களும் உண்டு. லூதியானா பல்கலைக்கழகத்தின் பஞ்சாப் ப்ரோக்கோலி-1 இன்னொன்று. வெளிநாட்டுப் பழைய ரகங்களில் இத்தாலியின் கலப்ரியா பகுதிப் பெயரைத் தாங்கிய கலப்ரீஸ், சின்னத் தலையும் ஏகப்பட்ட பக்கத் தளிரும் தரும் டி சிக்கோ, அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உருவான வால்தம் 29 ஆகியவை விதைப் பரிமாற்றக் குழுக்களில் கிடைக்கும். இங்கிலாந்துக்காரர்கள் கொண்டாடும் ஊதா நிற 'ஸ்ப்ரௌட்டிங்' ரகங்களை மட்டும் வாங்காதீர்கள். அவை நீண்ட குளிர்காலத்தைக் கடந்தால்தான் மொட்டு விடும். நம்மிடம் இலையாகவே நிற்கும்.

சிலர் இதையெல்லாம் 'நாட்டு ப்ரோக்கோலி' என்று விற்கிறார்கள். எந்த நாடு என்று கேட்கத் தோன்றும், இத்தாலி என்றால் சரிதான்.

ஓ.பி. ரகத்தில் தலை சிறிதாக இருக்கும், செடிக்குச் செடி வித்தியாசம் இருக்கும், ஒரு செடி டிசம்பர் நடுவில் தயாரானால் பக்கத்துச் செடி ஜனவரி நடுவில்தான் வரும். லாரியில் ஏற்றுகிறவருக்கு இது பெரிய குறை. நாலு பேர் சாப்பிடும் வீட்டுக்கு இதைவிட வசதி கிடையாது. பாத்தியில் நடும் 24 செடியின் தலையும் ஒரே வாரத்தில் வந்தால் என்ன செய்வது? அதைவிட முக்கியம், வித்தியாசம் இருந்தால்தான் தேர்ந்தெடுக்க முடியும். எல்லாம் ஒன்றுபோல இருந்தால் எதை விதைக்கு விடுவது?

நாளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

விதை எடுக்கிறவர்கள் விதைப்பு நாளை முன்னாலிருந்து யோசிக்கக் கூடாது. நெற்று எந்த மாதம் காய வேண்டும் என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கி வர வேண்டும். காய்ந்த நெற்றின் மேல் மழை விழுந்தால் விதை உள்ளேயே முளைத்துவிடும், அல்லது பூசணம் பிடிக்கும்.

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஜனவரி முதல் மார்ச் வரை வறட்சி. ஏப்ரலில் கோடை மழை எட்டிப் பார்க்கும். எனவே நெற்று மார்ச் கடைசியில் காய வேண்டும். அதற்கு முன் இரண்டு மாதம் காய் முற்ற வேண்டும், ஆக ஜனவரி கடைசி, பிப்ரவரியில் பூக்க வேண்டும். தலை திரண்டு பூவாக விரிய மூன்று, நான்கு வாரம். நட்டதிலிருந்து தலை திரள 60 முதல் 80 நாள். நாற்றுக்கு ஐந்து வாரம். எண்ணிக்கொண்டே வந்தால் செப்டம்பர் முதல் வாரத்தில் வந்து நிற்கும். அதுதான் எனக்கு விதைப்பு நாள்.

ஊட்டியில் பள்ளமான இடங்களில் உறைபனி விழும். செடி லேசான பனியைத் தாங்கும், விரிந்த பூ தாங்காது. அங்கே ஒரு மாதம் தள்ளி விதைத்து, கோடை மழைக்கு மேலே ஒரு பாலித்தீன் கூரை போடத் தயாராக இருங்கள்.

சமவெளியில் இருக்கிறவர்கள் கேட்பது காதில் விழுகிறது. கோவை, ஓசூர் போன்ற இடங்களில் செப்டம்பர் கடைசியில் விதைத்து நவம்பர் முதல் வாரம் நட்டால் ஜனவரியில் சாப்பிடலாம். ப்ரோக்கோலிக்குப் பிடித்தது 15 முதல் 20 டிகிரி. மொட்டு உருவாகும் நேரத்தில் வெயில் 30-ஐத் தொட்டால் மணிகள் ஒழுங்கில்லாமல், நடுவில் இலை முளைத்து வரும். பூவும் காயும் பிப்ரவரி, மார்ச் வெயிலில் மாட்டும் என்பதால் சமவெளியில் விதை எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே சாப்பிடுங்கள், விதையை மலையில் இருக்கும் நண்பரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

நாற்று

ஒரு கிராமில் ஏறக்குறைய 300 விதை இருக்கும். நமக்குத் தேவை 24 செடி. நான் 60 விதை போடுவேன். நாற்றிலேயே பாதியைக் கழிக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

விதை எங்கிருந்து வந்தது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் வெந்நீர் நேர்த்தி செய்துவிடுங்கள். கருப்பு அழுகல் நோயை உண்டாக்கும் பாக்டீரியா விதையோடு சேர்ந்தே வரும். விதையை மெல்லிய துணியில் தளர்வாக முடிந்து, 50 டிகிரி வெந்நீரில் சரியாக 20 நிமிடம் வைத்து, உடனே பச்சைத் தண்ணீரில் போட்டு ஆற்றி, நிழலில் உலர்த்த வேண்டும். 'கை பொறுக்கும் சூடு' என்ற கணக்கு இங்கே உதவாது. தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் செய்யாதீர்கள், இரண்டு டிகிரி கூடினால் முளைப்பே போய்விடும். பழைய விதைக்கும் இது ஆகாது. உலர்ந்த பின் கொஞ்சம் அரிசிக் கஞ்சியில் ஒரு சிட்டிகை சூடோமோனாஸ் (நோயை அடக்கும் நல்ல பாக்டீரியாப் பொடி) கலந்து விதையைப் புரட்டி எடுத்தால் நாற்றழுகல் குறையும்.

குழித்தட்டு இருந்தால் நல்லது, காகிதக் கோப்பையும் போதும். கழுவிய தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு. தோட்டத்து மண்ணை நாற்றுக்குச் சேர்க்கவே சேர்க்காதீர்கள், ஏன் என்பதை மண் பகுதியில் சொல்கிறேன். ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு குழிக்கு ஒரு விதை. 20 முதல் 25 டிகிரி இருந்தால் நான்கு முதல் ஏழு நாளில் முளைத்துவிடும்.

முளைத்த அன்றிலிருந்து வெளிச்சம் வேண்டும். செப்டம்பர் மழைக்குப் பயந்து திண்ணைக்குள் வைத்தால் நாற்று நூல் மாதிரி நீண்டு சாய்ந்துவிடும். மேலே ஒளி ஊடுருவும் ஷீட், நான்கு பக்கமும் காற்று, அதுதான் சரியான இடம். தண்ணீர் காலையில் மட்டும். மாலையில் ஊற்றி இரவெல்லாம் ஈரமாக இருந்தால் அடித்தண்டு கறுத்து, வரிசை வரிசையாக மடங்கி விழும்.

இரண்டு இலை விட்டதும் மெலிந்தது, முறுக்கியது, தாமதமாக வந்தது எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். கை வராது, தெரியும். பிடுங்கியதைத் துவையலில் போடலாம், அந்த வகையில் மனசு கொஞ்சம் ஆறும்.

நாற்றுக்கு வயது முக்கியம். ஐந்து இலை, ஐந்து வாரம். இடம் தயாராகவில்லை என்று தட்டிலேயே எட்டு வாரம் வைத்திருந்தால், வேர் சுருண்டு, பசியில் தவித்து, நட்ட சில நாளிலேயே சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு தலை வைத்துவிடும். அதற்கப்புறம் எவ்வளவு உரம் போட்டாலும் அது பெரிதாகாது. நடுவதற்கு ஒரு வாரம் முன்பு தட்டை வெளியே எடுத்து வைத்து, தண்ணீரைச் சற்றுக் குறைத்து, வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்குங்கள்.

மண்: இங்கேதான் பாதிப் பேர் தோற்கிறார்கள்

நீலகிரியில் 1820-களில் கலெக்டர் ஜான் சல்லிவன் ஐரோப்பியக் காய்களைப் பயிரிடத் தொடங்கியதிலிருந்து இங்கே கோஸ் குடும்பம் வளர்ந்துகொண்டே இருக்கிறது. 'இங்கிலீஷ் காய்' என்ற பெயரும் அப்படி வந்ததுதான். இருநூறு வருடமாக ஒரே குடும்பத்துப் பயிர் என்றால் அதன் நோயும் மண்ணில் குடியிருக்கும். அதில் கொடியது கிளப் ரூட் என்கிற வேர் வீக்கம். செடி பகலில் வாடும், இரவில் தேறும், பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் இஞ்சிக் கிழங்கு மாதிரி வீங்கியிருக்கும். ஒருமுறை வந்துவிட்டால் அதன் வித்துகள் மண்ணில் பத்து வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். மண்வெட்டியில் ஒட்டிய மண், செருப்பு, வாங்கி வந்த நாற்று, எதில் வேண்டுமானாலும் வரும். நாற்றுக் கலவையில் தோட்டத்து மண் வேண்டாம் என்றது இதனால்தான். அக்கம்பக்கத்தில் ஓசியில் நாற்று கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

இந்த நோய்க்குப் பிடித்தது புளிப்பு மண். மலை மண்ணின் பி.எச். (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) ஐந்தை ஒட்டி இருப்பது சாதாரணம். இதை 7-க்கு மேல், முடிந்தால் 7.2-க்குக் கொண்டுவந்தால் நோய் அடங்கும். முதலில் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். 5.5-க்குக் கீழே என்று வந்தால் சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம் டாலமைட் சுண்ணாம்பைத் தூவி, நன்றாகக் கொத்திக் கலந்து, மூன்று வாரமாவது விட வேண்டும். ஒரே வருடத்தில் 7-ஐ எட்டாது. வருடா வருடம் பரிசோதித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். சுண்ணாம்பையும் பச்சைச் சாணத்தையும் ஒரே நாளில் போடாதீர்கள். சாணத்தில் உள்ள தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும்.

பாத்தி அளவு: நாலடி அகலம், 18 அடி நீளம், இரண்டு வரிசை. வரிசைக்கு இடையில் 60 சென்டிமீட்டர், செடிக்கு இடையில் 45. இப்படி வைத்தால் 24 செடி சரியாக உட்காரும். மழைக்காலத்தில் நடுவதால் மேட்டுப்பாத்தியாக, அரையடி உயரத்துக்குத் தூக்கிவிடுங்கள். நன்றாக மட்கிய தொழு உரம் 20 முதல் 25 கிலோ, அதோடு இரண்டு கிலோ வேப்பம் புண்ணாக்கு. போன மூன்று வருடத்தில் கோஸ், காலிஃபிளவர், நூக்கல், முள்ளங்கி, டர்னிப் எதுவும் போடாத பாத்தியாக இருக்க வேண்டும். பீன்ஸ் அல்லது பட்டாணி இருந்த இடம் என்றால் கொடுத்துவைத்தவர் நீங்கள்.

போரான் குறைந்தால் தண்டின் நடுவில் குழல் விழுந்து பழுப்பாகும். இந்தப் பாத்திக்கு மொத்தமாகவே 7 கிராம் போராக்ஸ், பத்து லிட்டர் தண்ணீரில் கரைத்துப் பூவாளியால் ஒருமுறை தெளித்தால் போதும். இன்னும் கொஞ்சம் போடலாமே என்ற எண்ணம் வந்தால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள், அளவு மீறினால் அதுவே விஷம்.

நட்டதும் வளர்ந்ததும்

மாலையில் நடுங்கள், முதல் இலைக் காம்பு வரை மண்ணுக்குள் போகட்டும். நட்ட அன்று சுற்றிலும் மண்ணை அழுத்தி, தண்ணீர் விட்டு, தண்டைச் சுற்றி இரண்டு அங்குல உயரத்துக்குக் காகித வளையம் ஒன்று மண்ணில் புதைத்து வைத்தால் வெட்டுப்புழு நெருங்காது. அது இரவில் வந்து நாற்றைக் கத்தரித்ததுபோல் தரையோடு சாய்த்துவிட்டுப் போகும் ஆசாமி.

மூன்றாவது வாரம் ஒருமுறை, தலை கண்ணில் படத் தொடங்கும்போது ஒருமுறை மேலுரம். கடலைப் புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்துப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து, செடிக்கு அரை லிட்டர் ஊற்றுகிறேன். மூன்றாவது வாரமே களையெடுத்து மண் அணைத்துவிடுங்கள். தலை கனக்கும்போது செடி சாயாது. மழை நின்றதும் சருகு மூடாக்கு. ஜனவரியில் வாரம் இரண்டு முறையாவது தண்ணீர் ஆழமாக இறங்க வேண்டும்.

எங்கள் பக்கம் எல்லாவற்றையும்விடப் பெரிய பூச்சி காட்டெருமை. வேலியைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை, அது நினைத்தால் வரும்.

மற்ற பூச்சிகளில் வைரமுதுகு அந்துப்பூச்சிதான் தலையாயது. மெல்லிய பச்சைப் புழு, தொட்டால் துள்ளி நூலில் தொங்கும். இலையில் கண்ணாடி ஜன்னல் மாதிரி சுரண்டி வைக்கும். பாத்திக்கு இரு ஓரமும் ஒரு வரிசைக் கடுகு விதையுங்கள். பெங்களூரில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் முட்டைக்கோஸ் முறை இது. அங்கே 25 வரிசை கோசுக்கு இரண்டு வரிசை கடுகு. ஒன்றை நடவுக்கு 15 நாள் முன்பும், இன்னொன்றை நட்டு 25 நாள் கழித்தும் விதைக்கச் சொல்கிறார்கள். அந்து கடுகில் போய் முட்டையிடும், அங்கேயே மருந்தடித்துக்கொள்ளலாம். விதைக்கு விடும் பாத்திதானே, கடுகும் பூத்துக் கலப்பு வராதா என்று கேட்பீர்கள். கடுகு வேறு இனம், தோட்டத்தில் ப்ரோக்கோலியோடு சேராது. ஐந்து சத வேப்பங்கொட்டைச் சாறு வாரம் ஒருமுறை மாலையில், புழு அதிகமானால் பி.டி. பாக்டீரியா கரைசல். சாம்பல் நிற அசுவினி கூட்டமாக வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, மோசமான இலையைக் கிள்ளி எறியுங்கள்.

இலை ஓரத்திலிருந்து உள்நோக்கி 'வி' வடிவில் மஞ்சள் இறங்கி, நரம்பு கறுத்தால் அது கருப்பு அழுகல். அந்தச் செடியில் விதை எடுக்கவே கூடாது. உடனே பிடுங்கிப் பாத்தியை விட்டு வெளியே எரியுங்கள், உரக்குழியில் போட வேண்டாம்.

எதை அறுப்பது, எதை விடுவது

டிசம்பர் நடுவிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பாத்தியைச் சுற்றி வாருங்கள். செடிக்கு ஒரு எண் எழுதிய குச்சி. எது எப்போது தலை வைத்தது, மணி நெருக்கமா தளர்வா, எத்தனை நாள் விரியாமல் நின்றது, இலையில் நோய் உண்டா, எல்லாம் நான்கு சொல்லில் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே எல்லாரும் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. நல்ல தலையையெல்லாம் அறுத்துச் சாப்பிட்டுவிட்டு, மிஞ்சிய சோதாவை, அல்லது கவனிக்காமல் விட்டுப் பூத்துவிட்டதை விதைக்கு விடுவது. அப்படி மூன்று வருடம் செய்தால் சீக்கிரம் பூத்துப்போகும் ப்ரோக்கோலியை நீங்களே உருவாக்கிவிடுவீர்கள். கத்தரிக்காயில் கண்ணுக்கு அழகான காயை விதைக்கென்று நூல் கட்டி விடுவார்களே, அதே வழக்கம்தான் இங்கும். சிறந்தது விதைக்கு, இரண்டாம் தரம் சட்டிக்கு.

அவசரமாகப் பூக்கத் துடிக்கும் செடி, பொத்தான் தலை, நோய் தொட்டது ஆகியவற்றை முதலில் கழித்துச் சாப்பிடுங்கள். மணி இறுகி, நிறம் கரும்பச்சையாக இருக்கும்போது, ஆறு அங்குலத் தண்டோடு சாய்வாக வெட்ட வேண்டும். சாய்வாக வெட்டினால் மழைத் தண்ணீர் தேங்காது. வெட்டிய செடி பத்து நாளில் இலை இடுக்குகளிலிருந்து பக்கத் தளிர் விடும். ஓ.பி. ரகத்தின் உண்மையான அறுவடை இதுதான் என்பேன். விரல் பருமனில், நீண்ட காம்போடு, இரண்டு மாதம் வரை பறித்துக்கொண்டே இருக்கலாம்.

ஆனால் விதைச்செடிகள் பூக்கத் தொடங்கும் முன் கழித்த செடிகளின் தளிரை ஒன்று விடாமல் பறித்துவிடுங்கள், அல்லது செடியையே பிடுங்கிவிடுங்கள். அதில் பத்துப் பூ விரிந்தாலும், கழித்த குணம் தேனீ காலில் ஏறி உங்கள் விதைக்குள் திரும்பிவிடும்.

பூ

விதைக்கு எத்தனை செடி? ஒன்று விட்டால் விதையே இருக்காது. ப்ரோக்கோலி பங்காளி முறை பார்க்கும் செடி. தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது, தன்னோடு ஒரே அடையாளம் கொண்ட செடியின் மகரந்தத்தையும் சூலகமுடி தள்ளிவிடும். முறையுள்ள செடியிலிருந்து வந்தால்தான் காய் பிடிக்கும். இரண்டு மூன்று செடி வைத்து ஏதோ காய்த்தாலும், சில தலைமுறையில் வம்சம் மெலிந்து, செடி குட்டையாகி, முளைப்பு குறையும். பெரிய அளவில் செய்கிறவர்கள் 50-க்கு மேல் விடுவார்கள். வீட்டில் நான் 24-இல் 12 விடுகிறேன், அதற்குக் கீழே இறங்குவதில்லை. இடம் இல்லாதவர்கள் இரண்டு மூன்று வீடாகச் சேர்ந்து, ஆளுக்கு ஆறு செடி வைத்து விதையைக் கலந்துகொள்ளலாம்.

விதைச்செடியின் தலையை முழுவதும் விட வேண்டியதில்லை. நெருக்கமான தலையில் பனியும் ஈரமும் தங்கி நடுவில் அழுகும். அதனால் தலை நன்றாகத் திரண்டு குணம் தெரிந்த பிறகு, நடுப்பகுதியை மட்டும் வெட்டிச் சாப்பிட்டுவிட்டு, சுற்றியுள்ள கிளைகளை விடுங்கள். ருசியும் பார்த்த மாதிரி ஆச்சு. கசப்பாக இருந்தால் அந்தச் செடியைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

பூந்தண்டு நீள நீளச் செடி சாயும். செடிக்கொரு மூங்கில் குச்சி, அப்புறம் பாத்தியைச் சுற்றி இரண்டு உயரத்தில் கயிறு. பூக்கும் மாதத்தில் வேப்பெண்ணெய்கூட அடிக்காதீர்கள். அசுவினி பூந்தண்டின் நுனியில்தான் அடைந்திருக்கும், நுனியை இரண்டு அங்குலம் கிள்ளிவிட்டால் பூச்சியும் போகும், காய்ப்பும் கீழே திரளும்.

கலப்பைப் பற்றித் தெளிவாக இருக்க வேண்டும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூக்கல், கேல், களைக்கோஸ் (ப்ரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரௌட்), ப்ரோக்கோலி எல்லாம் ஒரே இனம். பூத்தால் ஒன்றோடொன்று கலக்கும். முள்ளங்கி, கடுகு, டர்னிப் வேறு. சான்று விதைக்கு இந்திய விதிப்படி கோஸ், காலிஃபிளவர் வயல்களுக்கு ஆயிரம் மீட்டர் இடைவெளி வேண்டும். வீட்டில் அது நடக்காது. ஆனால் சுற்றிலும் கோஸ் தோட்டம் என்பதால் பயப்பட வேண்டாம், அவர்கள் பூக்குமுன் அறுத்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது அறுக்காமல் விட்ட காலிஃபிளவர், மறந்துபோன நூக்கல். பூக்காலத்தில் வாரம் ஒருமுறை சுற்றுவட்டாரத்தில் நடந்து பார்த்து, மஞ்சள் தெரிந்தால் கேட்டுப் பறித்துவிடுவேன். பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை, "உங்க செடிக்காக என் நூக்கலைப் பிடுங்கணுமாக்கும்!" என்று சிரித்தபடியே பிடுங்கிக் கொடுத்தார். அந்த வருடம் நான் கேட்காமல் விட்டிருந்தால், அடுத்த வருடம் பாதி ப்ரோக்கோலி, பாதி நூக்கலாகத் தண்டு வீங்கிய ஏதோ ஒன்று முளைத்திருக்கும்.

நெற்று, விதை, டப்பா

காய் பயறு போல மெலிந்து, விரல் நீளத்தில் இருக்கும். கீழிருந்து மேலாக முற்றும். எல்லாம் காயட்டும் என்று காத்திருந்தால் கீழே உள்ளது வெடித்து மண்ணில் சிதறும், மீதியைச் சில்லைக் குருவி பார்த்துக்கொள்ளும். மூன்றில் இரண்டு பங்கு வைக்கோல் நிறத்துக்கு வந்து, உள்ளே விதை பழுப்பேறியதும், பனி காயும் முன் காலையில் செடியோடு வெட்டிவிடுங்கள். ஈரத்தில் நெற்று வெடிக்காது. பழைய வேட்டியில் சுற்றி, காற்றோட்டமான திண்ணையில் பத்து, பன்னிரண்டு நாள் தலைகீழாகத் தொங்கவிடுங்கள்.

அப்புறம் வேட்டியோடு வைத்து மெதுவாக மிதித்தால் உதிர்ந்துவிடும். முறத்தில் புடைத்து, சூம்பிய விதையையும் தூசியையும் விலக்குங்கள். ஒரு செடியிலேயே சில ஆயிரம் விதை வரும். முதலில் செடிவாரியாகத் தனித்தனியே எடுத்துவைத்து, பிறகு ஒவ்வொன்றிலும் ஒரே அளவு எடுத்துக் கலக்க வேண்டும். அதிகம் காய்த்த ஒரே செடி மொத்தத்தையும் ஆக்கிரமித்துவிடக் கூடாது.

நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, நகத்தால் அழுத்தினால் நசுங்காமல் படக்கென்று உடையும் பதம் வந்ததும் கண்ணாடிக் குப்பியில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோ வறுத்து ஆறிய அரிசி ஒரு கைப்பிடியைத் துணியில் முடிந்தோ வைத்து இறுக மூடுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் நாலைந்து வருடம் முளைப்பு நிற்கும். ரகம், வருடம், எத்தனை செடியிலிருந்து எடுத்தது என்று எழுதி ஒட்டுங்கள். எழுதாமல் விட்டதன் பலன் எங்கள் வீட்டில் ஒருமுறை ரசத்தில் தாளிப்பாகப் போனது. பார்வைக்குக் கடுகேதான். வெடிக்கவும் வெடித்தது, ருசியில்தான் யாரோ கண்டுபிடித்தார்கள்.

எடுத்த விதை முழுவதையும் அடுத்த வருடம் போட்டுவிடாதீர்கள். ஒரு பங்கு எப்போதும் பழையது இருக்கட்டும், கலப்பு நடந்திருந்தால் அது அடுத்த பட்டத்தில்தான் தெரியும், அப்போது திரும்பிப் போக வழி வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் 20 விதையை ஈரத்துணியில் சுருட்டி அடுப்படி மேடையில் வையுங்கள். ஐந்தாம் நாள் 16-க்கு மேல் முளைத்திருந்தால் தட்டைக் கழுவி எடுத்துவைக்கலாம்.